சத்தம் போடாத திருடன்

அத்தியாயம் 5

டமாரத்துக்கு அந்தப் பட்டப்பெயர் சும்மா வரவில்லை. அவன் தும்மினால் பக்கத்துக் கட்டடத்தில் ஜன்னல் சாத்துவார்கள். ரகசியம் பேசினால் தெருமுனைக் கடைக்காரர் கருத்துச் சொல்வார். அப்படிப்பட்டவனைத் துப்பறியும் நிலையத்தில் உதவியாளனாக வைத்திருப்பதற்கு ஒரே காரணம்தான். நிலையத்தை நடத்துபவள் அவனுடைய அண்ணி. கப்பலில் வேலை பார்க்கும் அண்ணன் எப்போதாவது தொலைபேசியில், "தம்பி எப்படி இருக்கான்?" என்று கேட்பான். "கேக்குது" என்பாள் அண்ணி.

அன்று பகல் பன்னிரண்டரைக்கு டமாரம் வறுத்த வேர்க்கடலையை மென்றபடி, பேனாவை டிக் டிக்கென்று அழுத்தியபடி, மேசைக்கடியில் காலை ஆட்டிக்கொண்டிருந்தான். ஒரே நேரத்தில் மூன்று வேலை. வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். வயது முப்பதைத் தாண்டியிருக்கும். இரண்டு காதிலும் பஞ்சு. உள்ளே வராமல் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினாள். பளபளவென்று பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை.

'தயவுசெய்து மெல்லுவதை நிறுத்துங்கள். பேனாவையும். நன்றி.'

டமாரம் வாயில் இருந்த கடலையை அப்படியே விழுங்கினான். "அண்ணி, உறை போட்டே வச்சிருக்காங்க. அப்போ நான் மட்டும் இல்ல, ஊர்ல நம்ம ஜாதி நிறைய பேர் இருக்காங்க."

அவள் அந்த அட்டையை உள்ளே வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள். 'காலையும்.'

அண்ணி எழுந்து மின்விசிறியை நிறுத்தினாள். ஜன்னலைச் சாத்தினாள். அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் நாற்காலியை இழுக்காமல், இரண்டு கையாலும் தூக்கி வைத்து உட்கார்ந்தாள். பேசியபோது குரல் மூச்சோடு மூச்சாகத்தான் வந்தது. டமாரம் மனசுக்குள் அவளுக்குப் 'பேசாமடந்தை' என்று பெயர் வைத்துவிட்டான்.

"எனக்குச் சின்ன சத்தமெல்லாம் பெருசாக் கேக்கும் மேடம். ஸ்பூன் தட்டுல படுறது, யாராவது மெல்லுறது, செருப்பைத் தேய்ச்சு நடக்குறது. மத்தவங்களுக்குக் காதுல கேக்கும். எனக்கு முதுகெலும்புல கேக்கும். யாரோ உள்ள கையை விட்டு உலுக்குற மாதிரி."

"டாக்டர் பாத்தீங்களா?"

"பாத்தேன். காதுல கோளாறு இல்லையாம். காது ரொம்ப நல்லா இருக்குறதுதான் கோளாறாம். முன்னாடி ஒரு ஆபீஸ்ல இருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் பேனாவை அழுத்திட்டே இருப்பார். ஆறு மாசம் தாங்கினேன். ஏழாவது மாசம் அதைப் பிடுங்கி ஜன்னல் வழியா வீசிட்டேன்."

டமாரம் தன் பேனாவை நைசாகச் சட்டைப்பைக்குள் தள்ளினான்.

விஷயம் இதுதான். ஊருக்கு வெளியே மின்விசிறி செய்கிற ஃபேக்டரி ஒன்று. அவர்கள் விற்ற விசிறி ஒன்று அவள் வீட்டில் ஓடியது. மூன்று மாதத்தில் பேரிங் போய்விடும் என்று முதல் நாளே கம்பெனிக்குக் கடிதம் எழுதினாள். அவர்கள் சிரித்தார்கள். சரியாக மூன்றாவது மாதம் விசிறி நின்றது. இப்போது அவர்களே கூப்பிட்டிருக்கிறார்கள். இன்று நாலு மணிக்குப் பரீட்சை. நூறு விசிறியில் எது கெட்டதென்று காதால் கேட்டுச் சொல்லிவிட்டால் வேலை.

"என் காதை வச்சு இதுவரைக்கும் எல்லாத்தையும் இழந்துதான் இருக்கேன். முதல் தடவையா அது எனக்கு ஏதோ வாங்கித் தரப் போகுது. ஆனா டெஸ்ட் ரூமுக்குப் போகணும்னா மெஷின் ஹாலைத் தாண்டிப் போகணும். அதுக்கு என்னோட காதுமூடி வேணும். தலையில மாட்டிக்கிறது, டாக்டர் அளவெடுத்துச் செஞ்சு கொடுத்தது. புதுசு செய்ய ஒரு மாசம் ஆகும். இன்னிக்குக் காலையில பீரோவுல இருந்து காணாமப் போச்சு. இன்னிக்கு வரலன்னா அடுத்த ஆளைக் கூப்பிடுவாங்களாம்."

அண்ணி கடிகாரத்தைப் பார்த்தாள். "மூணு மணிக்குக் கிளம்பினாப் போதுமா?"

"போதும்."

"டமாரம், காரை எடு. கதவை அறையாதே."

கதவை அறையாமல் சாத்தினால் அந்தக் காரில் கதவு மூடாது. ஆகவே டமாரம் வழி முழுக்க வலது கையால் கதவைப் பிடித்துக்கொண்டே ஓட்டினான்.

மாடி வீடு. அழைப்பு மணியை அழுத்தினால் மணி அடிக்கவில்லை; உள்ளே ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. நாற்காலிக் கால்களுக்கெல்லாம் பழைய காலுறை மாட்டியிருந்தது. கரண்டிகள் மரத்தில். கதவு இடுக்கில் ரப்பர் பட்டை. ஃபிரிட்ஜை வீட்டைவிட்டே தள்ளி, படிக்கட்டு ஓரத்தில் நிறுத்தியிருந்தார்கள். சுவரில் கடிகாரம் மாட்டியிருந்த ஆணி மட்டும் இருந்தது.

"எல்லாம் எங்க அப்பா செஞ்சது" என்றாள் பேசாமடந்தை. முகத்தில் பெருமை. "பீரோப் பட்டறையில வேலை. நாள் முழுக்க இரும்பைப் போட்டு அடிச்சுட்டு வருவார். வீட்டுக்கு வந்தா பூனை மாதிரி நடப்பார். எனக்காக அவர் மொபைல்ல மணியே வைக்கல. தலையணைக்கடியில அதிரும், எழுந்துப்பார். டிவியைக்கூடச் சத்தமே வைக்காமத்தான் பார்ப்பார்."

சமையலறையிலிருந்து சித்தி எட்டிப் பார்த்தார். அப்பாவின் இரண்டாம் மனைவி. பருத்த உடம்பு, வெறும் கை. கல்யாணத்துக்குப் போட்ட வளையல்களைக் குலுங்குகின்றன என்று கழற்றி வைத்து ஒன்பது வருடம் ஆகிறதாம். அதை வந்தவர்களிடம் சொல்லாமல் அவர் இருந்ததில்லை.

திருட்டு நடந்தது பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையில். வேலைக்குக் கேட்ட புகைப்படம் எடுக்கப் பேசாமடந்தை அடுத்த தெருவுக்குப் போயிருந்தாள். பக்கத்துத் தெருதானே என்று பஞ்சோடு போனாள். அப்பா எட்டு மணிக்கே பட்டறைக்குப் போய்விட்டார். சித்தி மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். கதவு பூட்டவில்லை, வெறும் தாழ்ப்பாள்தான்.

பீரோ அவள் அறையில் இருந்தது. அப்பா கையால் செய்தது. அதன் கைப்பிடியில் ஒரு துண்டு சுற்றியிருந்தது.

"இது என்ன, பீரோவுக்குக் கட்டுப் போட்டிருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே டமாரம் துண்டை எடுத்துவிட்டுக் கைப்பிடியைத் திருப்பினான்.

'டடாங்.'

பேசாமடந்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் குந்தினாள். கண்ணில் தண்ணீர். டமாரத்துக்கு என்னமோ போலாகிவிட்டது. ஒரு கைப்பிடியைத் திருப்பி ஒரு மனுஷியை அழவைக்க முடியும் என்று அவனுக்கு இதுவரை தெரியாது. நகைச்சுவையாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தான்.

"மன்னிச்சிடுங்க" என்றான், தன்னால் முடிந்த அளவு மெதுவாக.

"பரவாயில்ல. தெரியாதவங்க எல்லாரும் இப்படித்தான் திறப்பாங்க." அவள் எழுந்து வந்து செய்து காட்டினாள். துண்டைக் கைப்பிடியில் சுற்றி, தோளால் கதவை அழுத்தி, மெல்லத் தூக்கித் திருப்பினாள். பீரோ மூச்சு விடாமல் திறந்தது. "இதுதான் இந்த வீட்டுப் பழக்கம். திறந்ததும் துண்டை அந்த ஆணியில மாட்டிடணும். நான் திரும்பி வந்து பாத்தப்போ துண்டு கைப்பிடியிலேயே இருந்துச்சு. காதுமூடி இல்ல."

அண்ணியின் ஒரு புருவம் மட்டும் மேலே போனது. அது போனால் ஏதோ பொறி தட்டிவிட்டது என்று அர்த்தம்.

"கீழ்வீட்ல யாரு?"

கீழ்வீட்டில் டிரம் வாத்தியார். அவர்மேல் பேசாமடந்தை வீட்டு உரிமையாளரிடம் இரண்டு முறை புகார் கொடுத்திருக்கிறாள். டமாரம் மூக்கில் வேர்க்க, படிகளில் தாவி இறங்கிப் போய் அவரை மடக்கினான். ஐந்தாவது நிமிடம் தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தான்.

"காதுமூடியா, எங்க வச்சிருந்தாங்கன்னு கேக்குறார். பீரோவுலன்னேன். பீரோவா, அதை எப்படித் தட்டினா என்ன சத்தம் வரும் தெரியுமான்னு எனக்கே பாடம் எடுத்துட்டார். அண்ணி, அந்த ஆள் துண்டு சுத்தித் திறக்குற ரகம் இல்ல. திறந்துட்டு, இன்னொரு தடவை சாத்தித் திறந்து ரசிச்சிருப்பார்."

"அப்போ?"

"அப்போ சித்திதான். ஒன்பது வருஷத்து வளையல் கோபம்."

அண்ணி சமையலறைக்குப் போனாள். "உங்க பொண்ணு வெளிய போனா வீட்ல என்ன பண்ணுவீங்க?"

சித்தி ஒளிக்கவே இல்லை. "என்ன பண்ணுவேன்? சத்தம் போடுவேன். ரேடியோவைத் திருகி வைப்பேன். பாத்திரத்தை உருட்டுவேன். கதவை டமால்னு சாத்துவேன். வாரத்துல ஒரு மணி நேரம் கிடைக்கும், விடுவேனா? அவமேல எனக்குக் கோபம் இல்லம்மா. அவ வேலைக்குப் போனா தினமும் எட்டு மணி நேரம் நான் ஆசைதீர இருமலாம். காதுமூடியை நான் ஏன் எடுக்கப் போறேன்? கையில வச்சுப் பூசை செய்யவா?"

"உங்க வீட்டுக்காரர்? அவரும் பொண்ணு வெளிய போனா ரேடியோ கேப்பாரா?"

"அவரா? போன வருஷம் இவ ஒரு வாரம் ஆஸ்பத்திரியில இருந்தா. இனிமேயாவது சத்தமா டிவி பார்க்கலாம் வாங்கன்னேன். அப்பவும் மனுஷன் சத்தத்தை வைக்கல. அப்படி ஒரு பாசம்."

அண்ணியின் இரண்டாவது புருவமும் மேலே போனது. டமாரம் அதைக் கவனிக்கவில்லை. அவன் தலைக்குள் வேறு ஒரு விளக்கு எரிந்துவிட்டது. அண்ணியைக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போய் அவள் காதோரம் குனிந்தான்.

"அண்ணி, காதும் காதும் வச்ச மாதிரி சொல்றேன். துண்டு சுத்தத் தெரிஞ்சவங்க இந்த வீட்ல மூணு பேர். சித்தி, யாரும் இல்லாதப்போ சுத்த மாட்டாங்க. அப்பா பட்டறையில. மிச்சம் யாரு? இவங்களேதான். பரீட்சையை நினைச்சு பயந்துட்டாங்க. தானே ஒளிச்சு வச்சுட்டு, தொலைஞ்சுபோச்சுன்னு நம்மளக் கூப்பிட்டிருக்காங்க. போகாததுக்கு ஒரு சாக்கு வேணுமில்ல?"

"எனக்குக் கேக்குது" என்றது அடுத்த அறை.

டமாரம் அப்படியே நின்றான். பேசாமடந்தை வாசற்படியில் வந்து நின்றாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

"நேத்து ராத்திரி நானே அப்படி நினைச்சேன்" என்றாள். "ஒளிச்சு வச்சுட்டா போக வேண்டியதில்லையேன்னு. பயமாத்தான் இருந்துச்சு. ஆனா எடுக்கல. எடுத்திருந்தா உங்க கடலைச் சத்தத்தைத் தாண்டி உள்ள வந்திருக்க மாட்டேன்."

டமாரம் அண்ணியின் பின்னால் போய் நின்றுகொண்டான்.

"இந்த வேலையைப் பத்தி அப்பாகிட்ட எப்போ சொன்னீங்க?" என்று கேட்டாள் அண்ணி.

"நேத்து. அவர் டிவி பாத்துட்டிருந்தார். பக்கத்துல உட்கார்ந்து விவரமாச் சொன்னேன். தலையாட்டினார். அப்புறம் கம்பெனிக் கடிதத்தை எடுத்துப் படிச்சார்."

"கடிதத்துல என்ன இருக்கு?"

"தேதி, நேரம், ஃபேக்டரி முகவரி."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டாள். மாட்டிக்கொண்டே சமையலறைப் பக்கம் திரும்பி, "அவருக்கு மத்தியானச் சாப்பாடு யார் கொண்டு போனது?" என்றாள்.

"காலையில டப்பாவை மறந்துட்டுப் போயிட்டார்" என்றார் சித்தி. "துணி காயப் போட்டுட்டு வந்து பாத்தா டப்பாவைக் காணோம். வந்து எடுத்துட்டுப் போயிருக்கார். ஒரு வார்த்தை சொல்லல."

பேசாமடந்தையின் முகம் வெளுத்தது. "அப்பாவா? அவர் ஏன் எடுக்கணும்? எனக்காகவே வாழ்ற மனுஷன் அவர்."

"அதைத்தான் கேக்கப் போறோம். வர்றீங்களா?"

பட்டறைத் தெருவுக்கு அவள் ஒருநாளும் போனதில்லை. இருந்தாலும் காரில் ஏறினாள். கண்ணாடியை ஏற்றி, பஞ்சுக்கு மேல் விரலையும் வைத்துக்கொண்டாள்.

வழியில் டமாரத்தால் பொறுக்க முடியவில்லை. "அண்ணி, அவர்தான்னு வச்சுப்போம். வீட்ல ஆள் இல்ல. பீரோவை டடாங்னு திறந்துட்டுப் போக வேண்டியதுதானே? யாருக்காகத் துண்டைச் சுத்தினார்?"

"நல்ல கேள்வி. நீ வேர்க்கடலை மெல்லும்போது சத்தம் வருதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"கேக்குதே."

"கேக்கலன்னா?"

டமாரம் ஒரு வேகத்தடையைக் கவனிக்காமல் ஏறி இறங்கினான்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு இருபது. சாப்பாட்டு நேரம். அடிப்பதையும் அறுப்பதையும் நிறுத்திவிட்டு ஆட்கள் வெளியே போயிருந்தார்கள். சாயம் பூசாத பீரோக்கள் வரிசையாக நின்றன. கடைசி பீரோவின் அருகே, முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பேசாமடந்தை வாசலில் ஒரு நொடி தயங்கினாள். பிறகு அவளும் உள்ளே வந்தாள்.

டமாரம் பூனை நடை நடந்துதான் போனான். இதைப் பின்னால் எத்தனை தடவை சொல்லியும் அண்ணி நம்பவில்லை. சுவரில் சாய்த்திருந்த ஆளுயரத் தகரத் தகடு அவன் முழங்கையில் பட்டது. அது தனியாக விழவில்லை. இன்னும் நாலு தகடுகளையும் கூட்டிக்கொண்டு சிமெண்டுத் தரையில் விழுந்தது.

அண்ணி துள்ளினாள். டமாரத்துக்கே காது அடைத்தது. பேசாமடந்தை சுவரோடு சுவராக ஒடுங்கிப் போனாள். கூரையில் இருந்த புறாக்கள் எல்லாம் பறந்துவிட்டன.

அவர் மட்டும் திரும்பவில்லை. நிதானமாக இன்னொரு வாய் எடுத்து வைத்து மென்றுகொண்டிருந்தார்.

பேசாமடந்தை காதிலிருந்து கையை எடுத்தாள். கீழே கிடந்த தகடுகளைப் பார்த்தாள். அப்பாவின் முதுகைப் பார்த்தாள். "அப்பா" என்று அவள் கூப்பிட்டது மூச்சாகத்தான் வந்தது. அதற்கும் அவர் திரும்பவில்லை.

பீரோக் கதவில் நிழல் ஆடியதைப் பார்த்துத்தான் அவர் திரும்பினார். மகளை அந்த இடத்தில் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். பார்வை முதலில் அவள் உதட்டுக்குப் போனது. அப்புறம்தான் கண்ணுக்கு.

அண்ணி அவர் முன்னால் போய் நின்று, வாயை நன்றாகத் திறந்து ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். "எத்தனை வருஷமா உங்களுக்குக் காது கேக்கல?"

அவர் பொய் சொல்லவில்லை. கையும் களவுமாக மாட்டிக்கொண்டவர் போலவும் இல்லை. ஏதோ பாரத்தை இறக்கி வைத்தவர் போலத்தான் பேசினார். "ஆறு வருஷம். வலது காது சுத்தமாப் போச்சு. இடதுல, கிட்ட வந்து கத்தினா கொஞ்சம் கேக்கும்."

"ஏன் வீட்ல சொல்லல?"

"சொன்னா எல்லாரும் எனக்காக உரக்கப் பேசுவாங்க. வீட்ல உரக்கப் பேசினா இவ எங்க போவா?" தோளில் கிடந்த துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். "அங்க எல்லாரும் கிசுகிசுன்னுதான் பேசுவாங்க. தலையாட்டினாப் போதும். ஒருத்தருக்கும் தெரியாது. எது சத்தம் போடுது, எது போடலன்னுதான் எனக்குத் தெரியாது. அதனால எதைத் தொட்டாலும் துணியைச் சுத்திட்டுத்தான் தொடுவேன்."

சொல்லிக்கொண்டே பக்கத்து பீரோவின் கைப்பிடியில் அதே துண்டைச் சுற்றி, தோளால் அழுத்தி, மெல்லத் தூக்கித் திருப்பினார். ஊரையே எழுப்பும் பட்டறையில் நின்றுகொண்டு அவர் அதைச் செய்தார். உள்ளே இருந்த காதுமூடியைக் கையில் எடுத்தார்.

"ஃபேக்டரின்னா என்னன்னு எனக்குத் தெரியும்மா. முப்பது வருஷம் இதுக்குள்ள நின்னேன். மாடு மாதிரி இருந்த என் காதையே தின்னுடுச்சு. உன் காது ஒரு நாள் தாங்குமா? போகாதேன்னா நீ கேக்க மாட்டே. அதான் எடுத்தேன். தப்புதான்."

"இல்லப்பா, அது அப்படி இல்ல" என்றாள் அவள். "அந்த ரூமுக்குள்ள சத்தமே வராதுப்பா. சுவரெல்லாம் பஞ்சு வச்சு அடைச்சிருக்காங்க. நேத்தே உங்ககிட்டச் சொன்னேனே." கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. உதடு நடுங்கியதில் அவரால் அதைப் படிக்க முடியவில்லை. வழக்கம்போலத் தலையை மட்டும் ஆட்டினார்.

அந்தத் தலையாட்டலைப் பார்த்து அவள் பேச்சை நிறுத்தினாள். இத்தனை வருடமும் இதைத்தான் பதில் என்று நினைத்திருந்தாள்.

அண்ணி டமாரத்தைப் பார்த்தாள். டமாரம் புரிந்துகொண்டான். இந்தத் தொண்டையைக் கடவுள் எதற்குக் கொடுத்தார் என்று அவன் அம்மா கேட்டதற்கெல்லாம் சேர்த்துப் பதில் சொல்லும் நேரம் வந்துவிட்டது. முன்னால் போய், நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான்.

பேசாமடந்தை அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் தள்ளினாள்.

காதிலிருந்த பஞ்சை எடுத்துக் கீழே போட்டாள். அப்பாவின் இடது காதருகே போனாள். மெல்லுகிற சத்தத்துக்கே அழுகிறவள், தன் குரலுக்குத் தானே நடுங்கிக்கொண்டு கத்தினாள்.

"சத்தமே இல்லாத ரூம்ப்பா! கெட்ட விசிறியை நான் கேட்டுச் சொல்லணும். அவ்வளவுதான்!"

இரும்பு பீரோக்கள் அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தன. அவள் வலியில் கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். அப்பா வாயைத் திறந்தபடி நின்றார். கையில் இருந்த காதுமூடியை அவள் தலையில் வைத்தார். வலது பக்கம் சரியாக உட்காரவில்லை என்று எடுத்து மறுபடி வைத்தார். பட்டையை இழுத்துவிட்டார். அப்புறம் தன் இடது காதை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"இப்போ இன்னொரு தடவை சொல்லும்மா" என்றார். "உன் குரலைக் கேட்டு ஆறு வருஷம் ஆச்சு."

அவள் பட்டறையே அதிரச் சொன்னாள்.